ரெண்டுக்கும் சேத்து ஆறு இஞ்சி

ஒன்றைத் தெரிவுசெய் என்றால் இரண்டையும் கேட்கிற பிறவி நான். அதற்கான தண்டனை இன்னும் முடியவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

அப்போது மயிலிட்டிக் கரையில் மீன் ஏற்றி, கண்டி வீதியால் வவுனியாவுக்குக் கொண்டுபோவேன். இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள பழைய டபிள் கப் வாகனம். கரை மணலில் அடிவயிறு தட்டிப் புதைந்துவிடும். உயர்த்தித் தரச்சொல்லி மருதனார்மடத்தில் கராச் வைத்திருந்த அண்ணையிடம் போனேன்.

"தம்பி, கண்டி றோட்டுக்கெண்டா ரெண்டு இஞ்சி காணும். மணலுக்கு நாலு வேணும். நாலு போட்டா றோட்டு வளைவிலை ஆட்டும். எது செய்ய?"

"ரெண்டுக்கும் சேத்துச் செய்யுங்கோ அண்ணை." (என்ன கெட்டித்தனமான பதில் என்று எனக்கே ஒரு புளுகம்.)

அண்ணை சேர்த்தார். இரண்டும் நாலும் ஆறு அங்குலம்.

வாகனம் கைக்கு வந்த அன்றே வல்வெட்டித்துறைக்குப் பெண் பார்க்கப் போக நாள் வைத்திருந்தோம். ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்செண்டா உனக்குக் கலியாணமே இல்லை" என்று அம்மா சொல்லியிருந்தார். திருப்பி இறக்க நேரமில்லை. வீட்டு வாசலில் கதிரை போட்டுத்தான் அம்மாவை ஏற்றினேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் ஆஞ்சநேயரைக் கூப்பிட்டார்.

பெண் வீட்டு வாசலில் நிறுத்தியபிறகுதான் தெரிந்தது, கதிரையை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பட்டுச்சேலையோடு அம்மா மேலே. வரவேற்க வந்தவர்கள் கீழே.

"இஞ்சி திண்ட குரங்கு மாதிரி முழிக்காமல் என்னை இறக்கடா!"

(திண்டது ஆறு இஞ்சி என்று அவருக்குத் தெரியாது.)

பெண்ணின் தகப்பனார் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, உது வாகனமோ, வள்ளமோ?"

போச்சு, நாலாவதும் போச்சு என்று நினைத்தேன். அப்போது, உள்ளே தேத்தண்ணித் தட்டோடு காத்திருக்கவேண்டிய பெண், ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமி, மெல்லமாக் காலை வையுங்கோ."

அம்மா இறங்கியபிறகும் அவள் கையை விடவேயில்லை. "இவள்தான் என்ரை மருமகள்" என்றார். ஏன் இவ்வளவு உயரம் என்று அவள் என்னைக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த கிழமை அண்ணை இரண்டு இஞ்சிக்கு இறக்கிவிட்டார். மயிலிட்டியில் இன்றைக்கும் பழையபடி புதைகிறேன். வீட்டில் அதைவிட மோசம். தேத்தண்ணியோ, கோப்பியோ என்று மனைவி கேட்டு நான் கொஞ்சம் யோசித்தால் போதும்.

"ரெண்டுக்கும் சேத்தோ?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா எல்லோரிலும் பலமாகச் சிரிப்பார். ஒருநாள் மனைவி உண்மையாகவே இரண்டையும் கலந்து கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.