மிசாவோவை வியாழன் வரை பிடித்து வையுங்கள்

அன்புள்ள சகலை ஷோகிச்சி அவர்களுக்கு,

சக்காயிலிருந்து தொகுஜி எழுதுவது. வெயில் ஒருவழியாக முதுகைக் காட்டத் தொடங்கிவிட்ட இந்தச் செப்டம்பரில் நீங்களும், உங்கள் பேரிக்காய் மரங்களும், முக்கியமாகக் கினுகோவின் புது முழங்காலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி ஒரு காய்கூட நசுங்காமல் வந்து சேர்ந்தது. மிசாவோ அக்கா தினமும் பேரிக்காய் சீவித் தருகிறார், தோல் அறுபடாமல் நாடா மாதிரி ஒரே சுருளாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன். தங்கையைப் பார்த்துக்கொள்ளத் தொத்தோரிக்கு வந்த இடத்திலும் என் மனைவி உங்களுக்கு உபயோகமாக இருப்பதில் எனக்குப் பெருமை.

மரியாதை போதும். இந்தக் கடிதம் மிசாவோ கண்ணில் படக்கூடாது. படித்ததும் அடுப்பில் போடவும். தொலைபேசியில் சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் வீட்டுக்கு எப்போது அழைத்தாலும் அவளே எடுக்கிறாள். விஷயம் இதுதான்: திங்கட்கிழமை அவள் ஊர் திரும்பக் கூடாது. வியாழன் வரை எப்படியாவது பிடித்து வையுங்கள். கினுகோவுக்கு இன்னொரு முழங்காலும் வலிப்பதாகச் சொன்னாலும் சரி, பேரிக்காய் மரத்திலிருந்து நீங்களே மெதுவாக விழுந்தாலும் சரி. நான் அவள் கத்தியைக் கொன்றுவிட்டேன்.

அவளுடைய சின்னக் கத்தியை உங்களுக்குத் தெரியும். ஒரு சாண் நீளம், மரப்பிடி, பழம் சீவ, பூண்டு நறுக்க, மீன் வயிற்றைத் திறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். எவர்சில்வர் கிடையாது, ஈரம் பட்டால் துருப்பிடிக்கிற நிஜமான உருக்கு, கையால் அடித்தது. மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில் வேலை பார்த்த காலத்தில் தன் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள். வெட்டி முடித்த நிமிடமே கழுவுவாள், துடைப்பாள், மறுபடி துடைப்பாள், கமேலியா விதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தடவுவாள். எனக்கு ஜுரம் வந்தபோது இவ்வளவு துடைத்ததில்லை. ஒருமுறை, "நான் செத்தா இதையும் என்கூட வெச்சு எரிங்க" என்றாள். தகனம் செய்யும் இடத்தில் இரும்பு வைக்க விடமாட்டார்கள் என்றேன். "அப்ப நான் சாகல, நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அவள் உங்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் சமையலறையிலிருந்து பத்து நிமிடம் என்னிடம் ஏதோ பேசினாள். நான் முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே 'உம்' போட்டேன். கத்தி என்றும் இழுப்பறை என்றும் இரண்டு வார்த்தை காதில் விழுந்தது. கத்தியைத் தொடாதே என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள் என்று நானும் மேலே கேட்கவில்லை. கடைசியாக வாசலில் காலணி மாட்டும்போது மட்டும் தெளிவாகச் சொன்னாள். "வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு. நான் இல்லன்னா உங்களுக்கு ஒரு வெள்ளரிக்கா நறுக்கத் தெரியுமா?" என்றாள். நாற்பது வருடம் டிராம் ஓட்டியவன், சகலை. ஒரு நாள் ஒரு நிமிடம் தாமதமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதில்லை. என்னைப் பார்த்து வெள்ளரிக்காய் என்றால் ரோஷம் வருமா வராதா?

நான்கு நாள் கடைச் சோறு தின்றேன். ஐந்தாம் நாள் ரோஷம் வந்து இழுப்பறையைத் திறந்தேன். அங்கே ஓர் அட்டைப் பெட்டிக்குள் காகிதம் சுற்றிக் கத்தியைப் பத்திரமாக வைத்திருந்தாள். என்னிடமிருந்து மறைக்க இவ்வளவு பாடா என்று மனசு வலித்தது. எடுத்து வெள்ளரிக்காயில் வைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் இடதுகைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கத்தியை எடுத்தாலும் எனக்கு வில்லைகள் கோணலாகத்தான் விழும், அறுபத்தேழு வயதுவரை அப்படித்தான் விழுந்தது. அன்று நேராக விழுந்தது. ஒன்றல்ல, வரிசையாக, டிராம் தண்டவாளம் மாதிரி. ஏழு வெள்ளரிக்காயை நறுக்கிவிட்டுத்தான் நிறுத்தினேன். மறுநாள் முள்ளங்கி, அதற்கு மறுநாள் எலுமிச்சை, அப்புறம் தக்காளி. சமையலறையில் தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தேன். பாவி, அந்த மயக்கத்தில்தான் பூசணிக்காயில் கை வைத்தேன்.

நம்ம ஊர்ப் பச்சைப் பூசணிக்காயின் தோல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கத்தி பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. இடது பக்கம் ஆட்டினேன், வலது பக்கம் ஆட்டினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். வெளியே எடுத்தால் கூரில் ஓர் அரிசி அளவுக்குத் துண்டைக் காணோம். பயத்தில் அதைக் கழுவும் தொட்டியில் போட்டு மேலே தட்டுகளை அடுக்கி, நான் பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்பதுபோல் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. எலுமிச்சைச் சாறு, ஊறுகாய்த் தண்ணீர், எல்லாம் அதன் மேல். மூன்றாம் நாள் எடுத்தபோது முழுக்கச் செம்மண் நிறம். பிடிக்குப் பக்கத்தில் பேர் பொறித்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது, துரு அடைத்துப் படிக்க முடியவில்லை. அவள் பேர்தானே, படிக்க என்ன இருக்கிறது?

செய்தித்தாளில் சுற்றி, கத்திக்காரர்கள் தெருவில் நிஷிவாகி அம்மா கடைக்குக் கொண்டுபோனேன். நம் ஊரில் அடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர். இந்த அம்மா தீட்டுபவர், பேரும் பொறிப்பார். பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். "அம்மா, நான் போனப்புறம் பாருங்க" என்றேன்.

"அவ்வளவு மோசமா?"

"என் மனைவியோடதும்மா."

"உங்க மனைவி உயிரோட இருக்காங்கல்ல?"

"இருக்கா. திங்கக்கிழமை வர்றா."

"அப்ப உங்களுக்காகத்தான் வேண்டிக்கணும். புதன்கிழமைக்கு முன்னாடி முடியாது, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திங்கள் முதல் புதன்வரை மிசாவோ கண்ணுக்குக் காட்ட அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிட்டால்? கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது கத்தி இருந்தது. எதைப் பார்த்தாலும் அவளுடையது மாதிரியே இருந்தது, எதைப் பார்த்தாலும் இல்லாத மாதிரியும் இருந்தது. கண்ணை மூடி அவள் கத்தியை நினைத்துப் பார்த்தேன். இருபது வருடம் தினமும் என் கண் முன்னால் இருந்த பொருள், சகலை. பிடி உருண்டையா, பட்டையா என்றுகூட ஞாபகம் வரவில்லை. அதற்கு வெட்கப்பட்டேன், இப்போதும் படுகிறேன்.

"எந்தக் கைக்கு?" என்று கேட்டார் நிஷிவாகி அம்மா. "எங்க கடையில கத்தி விளிம்பை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தீட்ட மாட்டோம். ஆளோட கையைப் பாத்து ஒரு பக்கம் சாய்வு அதிகமா இருக்கும்."

"வலதுதான்மா. அவ எல்லாரையும் மாதிரிதான்" என்றேன். எண்கோணப் பிடி போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சின்ன உளியை வைத்து, கோடு கூடப் போடாமல், டொக் டொக் என்று மிசாவோ பேரை இரும்பிலேயே வெட்டினார். "எங்கயோ கேட்ட பேரா இருக்கே" என்றார். அப்புறம், "அன்பளிப்பாக் குடுக்கறதா இருந்தா அவங்ககிட்ட ஒரு காசாவது வாங்கிக்குங்க. சும்மா குடுத்த கத்தி உறவை அறுத்துடும், தெரியுமில்ல" என்றார். தெரியும் என்றேன். அன்பளிப்பாவது ஒன்றாவது, நான் போட்டது வேஷம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்கிறது. இருபது வருடக் கத்தி என்று யார் நம்புவார்கள்? வெங்காயம் நறுக்கினால் உருக்கு கருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பன்னிரண்டு வெங்காயம் நறுக்கினேன், வலதுகைக் கத்தியை இடது கையில் பிடித்து, அழுதுகொண்டே. அலகு அயிலை மீன் முதுகு மாதிரி நீலமும் கறுப்புமாக ஆகிவிட்டது. பிடி இன்னும் வெள்ளையாகவே இருந்ததால் கொதிக்கிற தேநீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். அது ஊதிப்போய், ஊறுகாய் முள்ளங்கி நிறத்தில், இப்போது துணி காயப்போடும் கொடியில் என் காலுறைகளுக்கு நடுவே தொங்குகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எனக்கு அந்தப் பூசணிக்காயும் நிஜமாகவே இருக்கிறது, பாதி வெட்டியபடி. பன்னிரண்டு வெங்காயத்தையும் குழம்பாக்கி மூன்று வேளையும் தின்கிறேன்.

ஆகவே சகலை, வியாழன். அவள் இல்லாத வீட்டில் இந்த மூன்று வாரம் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, ஆனாலும் மூன்று நாள் பொறுத்துக்கொள்கிறேன். வந்து அந்தக் கத்தியைப் பார்த்து அவள் ஒன்றும் பேசாமல் பையை மறுபடி தூக்கிவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் பயமெல்லாம். உங்கள் மரங்கள் வருடா வருடம் காய்க்கட்டும், கினுகோ சீக்கிரம் புது முழங்காலோடு மலை ஏறட்டும், உங்கள் வாய் இந்த விஷயத்தில் மட்டும் பூட்டியே இருக்கட்டும்.

உங்கள் சகலை,
தொகுஜி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதை எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. நிஷிவாகி அம்மா.

"இது யார் கத்தின்னு சொன்னீங்க?"

"மனைவியோடது."

"அவங்க இடதுகைக்காரங்களா?"

"இல்லம்மா. நான்தான்."

"கடைக்கு வாங்க. படிக்கிற கண்ணாடி எடுத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். துருவைத் தேய்த்து எடுத்திருந்தார். பிடிக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த பேர் தொகுஜி.

"வசந்த காலத்துல உங்க மனைவி வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார். "இடதுகைக்குன்னா தனியா அடிக்கணும், அஞ்சு மாசம் ஆகும்னேன். ஆகட்டும், அவருக்கு வேலையா வெட்டியான்னாங்க. போன மாசம் வாங்க வந்தப்ப, கையில குடுத்தா எனக்கெதுக்குன்னு சொல்லுவாரு, இழுப்பறையில வெச்சுச் சொல்லிட்டு ஊருக்குப் போயிடறேன், பசிச்சா எடுப்பாருன்னாங்க. காசு வாங்கினீங்களான்னு கேட்டேன். தானா தோணுதா பாக்கலாம்னாங்க."

அவள் கத்தி அவளிடமே இருக்கிறது. பேரிக்காய்த் தோல் ஒரே சுருளாக வருகிறது என்று நீங்கள் எழுதியபோதே எந்தக் கத்தியால் சீவுகிறாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கடைக்குள் நின்று அழுதேன், வெங்காயம் இல்லாமலே.

எனவே மேலே எழுதியது ஒன்றும் செல்லாது. அடுப்பில் போட வேண்டாம், இந்தக் கடிதத்தை மிசாவோ கையிலேயே கொடுங்கள். வியாழன் வேண்டாம், திங்களும் வேண்டாம், முதல் வண்டியில் ஏற்றிவிடுங்கள். நிஷிவாகி அம்மா சொல்லித்தான் காசு எனக்குத் தோன்றியது என்ற இடத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டவும். கீழே ஐந்து யென் ஒன்றை ஒட்டியிருக்கிறேன், என் கத்திக்கு. அவள் பேர் போட்ட இன்னொன்று கொடியில் காய்கிறது. அதற்கு அவள் இதே காசை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். தபாலில் வேண்டாம், நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள்.