மேனேஜர் வளர்த்த புல்

உலக வரலாற்றைப் புல்லுக்கு முன், புல்லுக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிரித்தவர் நம் மேனேஜர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மேனேஜர் பதவியிலிருந்து மட்டும் இன்னும் பெறவில்லை. வீட்டில் மனைவியும் நாயும் அவருக்குக் கீழ் பணியாற்றி வந்தார்கள்.

தொடங்கி வைத்தவள் பேத்தி சிட்டு. லீவு நாளில் அம்மாவோடு வந்தவள், வீட்டுப் பின்பக்கம் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அங்கே புல் என்று பேருக்கு ஏதோ இருந்தது, நடுநடுவே வழுக்கை.

"தாத்தா, இங்க மண்ணு குத்துது" என்றாள்.

மேனேஜருக்கு மனம் கேட்கவில்லை. பேத்தி என்றால் அவருக்கு உயிர். அவளுக்காக மெத்தென்று புல் வளர்ப்பது என அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் மேனேஜர், வழிமொழிந்தவரும் அவரே. மனைவி கரண்டியோடு எழுந்து போனது 'ஏகமனதான ஆதரவு' என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

சாதாரண ஆசாமியாக இருந்தால் விதையைத் தூவித் தண்ணீர் விட்டிருப்பான். மேனேஜர் 'மூல காரணம்' தெரியாமல் ஒரு துரும்பையும் நகர்த்தாதவர். பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணித்தார். உண்மை வெளிவந்தது. சுவரோர வழுக்கையில் நாய் படுத்தது. துணிக்கொடிக்குக் கீழே இருந்த வழுக்கையில் மனைவி நின்றாள். நின்றதோடு விடாமல் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசவும் செய்தாள்.

"மண்ணு மேல குத்தமில்ல" என்று அடுத்த கூட்டத்தில் அறிவித்தார். "ஆளுங்கதான் காரணம்."

"வீடுன்னா ஆளுங்க இருக்கத்தாங்க செய்வாங்க."

"அந்தப் போக்கத்தான் மாத்தணுங்கறேன்."

நாய் வாசல் பக்கம் இடமாற்றம் செய்யப்பட்டது. துணிகள் கூடத்துக்கு வந்தன. ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு டிவி பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கத்தான் செய்தது. வேலியோரப் பேச்சு மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, அந்த நடைமுறைப்படி விசாரணை கடைசியில் மரத்தடி வழுக்கைக்கு வந்து சேர்ந்தது. சிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து ஆடிய இடம் அது.

மேனேஜருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. ஊஞ்சலை அவிழ்த்து அலமாரி மேல் வைத்தார்.

"யாருக்காகங்க இந்தப் புல்லு?" என்று மனைவி கேட்டாள்.

"சிட்டுவுக்குத்தான்."

"அப்ப அவ எங்க ஆடுவா?"

"மொதல்ல புல்லு வளரட்டும்."

"வளந்தப்புறம் ஆடலாமா?"

"கஷ்டப்பட்டு வளத்தத யாராவது மிதிக்க விடுவாங்களா? என்ன பேசற நீ?"

அடுத்த முறை வந்தபோது, சுற்றிலும் கட்டிய கயிற்றுக்கு வெளியே சிட்டு நின்றாள்.

"தாத்தா, தொட்டுப் பாக்கவா?"

"கண்ணால பாரும்மா, போதும்."

பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்து முடித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு லீவு நாளில் மகள் போன் செய்தாள். "அப்பா, அவ அந்தத் தாத்தா வீட்டுக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

"சம்பந்தி வீட்டுல புல்லு இருக்கா?"

"ஒண்ணு கூட இல்லப்பா. வெறும் புழுதி. நல்லா பொரண்டுட்டு வரா, எனக்குத் தொவச்சு மாளல."

சம்பந்தியின் நிர்வாகம் எப்போதுமே அப்படித்தான் என்று சொல்லிப் போனை வைத்தார் மேனேஜர். அவருக்கு வலித்தது. புல்லுக்குத் தண்ணீர் விடும் நேரம் வந்துவிட்டதால் எழுந்து போனார்.

மழைக்காலம் முடிந்தபோது மருந்துக்குக்கூட ஒரு வழுக்கை இல்லை. தரை முழுக்க ஒரே பச்சை. பக்கத்து வீட்டு வாத்தியார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம் சார். நானும் எத்தனையோ செஞ்சு பாத்துட்டேன், எங்க வீட்டுல வரமாட்டேங்குது. அப்படி என்ன உரம் போட்டீங்க?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் கூடத்தில் துணி உதறிக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் வழியாகப் பதில் சொல்லிவிட்டாள்.

"மொதல்ல நாயப் போட்டாருங்க, அப்புறம் என்னையப் போட்டாரு. பேத்தியப் போட்டப்புறம்தான் இப்படித் தளதளன்னு வந்துச்சு."