ஆபீஸ் பின்பக்கக் குளம்

"இது எந்த இடம்?"

மனைவி நீட்டிய போட்டோவைப் பார்த்ததும் ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அவள் பழைய படங்களின் பின்னால் இடத்தை எழுதி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் படத்தை இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு பீரோவில் விரித்த காகிதத்துக்கு அடியில் ஒளித்துவைத்தவர் அவர்தான். ஒளித்ததை மறந்தவரும் அவர்தான்.

படத்தில் கட்டம் போட்ட சட்டையோடு தண்ணீர் ஓரமாக நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ பார்க்."

"சட்டையைப் பாருங்க. எங்க மாமா பொண்ணு கல்யாணத்துக்குன்னு நான் எடுத்துக் கொடுத்தது. கிளம்பற நேரத்துல 'ஆடிட், வரமுடியாது'ன்னு ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போயிட்டீங்க. மறுநாளே இஸ்திரியில கருகிப்போச்சு. போட்டதே அந்த ஒரு நாள்தான். அப்பாவுக்குப் பல்வலி, உங்களுக்கு ஆடிட். நானும் அம்மாவும் ஊருக்கெல்லாம் பதில் சொல்லி மாளல."

அந்த மாமா வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவருக்குப் பயந்துதான் கிளார்க் அன்று ஏரிக்கு ஓடினார். படகுத்துறை போட்டோக்காரரிடம் சும்மா இராமல் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். ஆடிட் பொய் என்று தெரிந்தால் மிச்ச ஆயுசுக்கும் வீட்டில் நிம்மதி கிடையாது.

"அப்படின்னா ஆபீஸ் பின்பக்கம்," என்றார்.

"தண்ணி தெரியுதே?"

"குளம் இருந்துச்சு."

"அன்னப்பறவை மாதிரி படகு?"

"வாட்ச்மேனோடது."

"பின்னாடி பெஞ்சுல ஒருத்தர் ஐஸ்கிரீம் சாப்பிடறாரு. மூஞ்சியே தெரியல, ஐஸ்கிரீம்தான் தெரியுது."

"அவர்தான் ஆடிட்டர்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி பேனாவை மூடினாள்.

"சாயங்காலம் அப்பா வராரு. அவரையே கேட்டுக்கறேன்."

மாமனார் ரிட்டயரான சர்வேயர். நாற்பது வருஷம் இந்த ஊரை அளந்தவர். ஒரு மரத்தைக் காட்டினால் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். பொய் என்றாலே அவருக்கு ஆகாது. மருமகனோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதும் கிடையாது. கிளார்க் வீட்டிலிருந்த பூதக்கண்ணாடியை அரிசி டின்னுக்குள் ஒளித்தார். மாமனார் தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தார்.

படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். கிளார்க் தண்ணீர் குடித்தார். மாமனாரும் தண்ணீர் கேட்டார்.

"சந்தேகமே இல்ல," என்றார் கடைசியில். "மாப்பிள்ளை ஆபீஸ் பின்பக்கம்தான். அந்தக் குளத்தை நானே அளந்திருக்கேன். இப்ப மூடிட்டாங்க."

"வாட்ச்மேனுக்குப் படகு இருந்துச்சாமே?"

"இருந்துச்சு."

"ஆடிட்டர் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராமே?"

"வெயில் காலம்மா."

மனைவி 'ஆபீஸ் பின்பக்கக் குளம்' என்று அழகாக எழுதி ஒட்டினாள். "பாவம், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன்," என்று காபி போட எழுந்து போனாள்.

கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனிதரைப் போய் இத்தனை வருஷம் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தோமே என்று கண்ணே கலங்கிவிட்டது.

"மாமா, எனக்காகப் பொய் சொன்னீங்க. உசிரு உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்."

மாமனார் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"உங்களுக்காக யாரு சொன்னா? அந்த ஆடிட்டர் நான்தான் மாப்ளே."