நகராத முள்

"மொதல்ல கிளிப்ப மாட்டுங்க, அப்புறம் கரண்ட்டப் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது அண்ணே? பேட்டரிகிட்ட பொறி பறந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? வாலிபத்துலேர்ந்து நான் கரண்ட்டப் போட்டுட்டுத்தான் மாட்டுறேன். மூக்கு இன்னும் இருக்கு பாரு."

"எங்க பாக்குறது, அதான் தாடி மூடிருக்கே."

தீயணைப்புக் கொட்டகையின் தகரச் சுவரைத் தாண்டி, வெளியே வெயிலில் காத்திருந்த பிள்ளைகளுக்கும் இந்தச் சண்டை கேட்டது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லின்ட்சே, பிரிங்கா ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குக் கேப்டன். இன்னொருவர் மெர்வ், கோதுமை விவசாயத்தை விட்டு ஓய்ந்தவர். இன்றைக்கு ஒருநாள் கிறிஸ்துமஸ் தாத்தா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை தாத்தா தீயணைப்பு வண்டி மேல் ஏறி, சைரன் அலற, தெருத்தெருவாக மிட்டாய் வீசிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். போன வருஷம் அதே மதியம் ஒரு வயல் பற்றிக்கொண்டதால் வண்டி அங்கே போய்விட்டது. பிள்ளைகள் நின்று நின்று கால் வலித்து வீட்டுக்குப் போனார்கள். இந்த வருஷம் என்ன ஆனாலும் தாத்தா வருவார் என்று லின்ட்சே பள்ளிக்கூட மேடையில் ஏறி வாக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு வந்து சாவியைத் திருப்பினால், வண்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய சார்ஜரைத் தூக்கி வந்தார். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் கூட்டல் முனையில் மாட்டினார். கறுப்பை பேட்டரியில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி வண்டிச் சட்டத்தின் இரும்பைக் கடிக்க வைத்தார். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்.

சார்ஜரின் முள் அசையவில்லை.

"உன் பாதுகாப்பப் பாத்து முள்ளே பயந்துடுச்சு," என்றார் மெர்வ்.

லின்ட்சே சார்ஜரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவர் பேச்சை யாரும் மதிக்காதது புதிதா என்ன? மாதக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தாலே பாதிப் பேர் கூட்டத்துச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வதக்க அடுப்புப் பக்கம் போய்விடுவார்கள்.

"பிளக் பாயிண்ட்ல கோளாறா இருக்கும். ஃப்ரீசர் இருக்கற பாயிண்ட்ல போட்டுப் பாப்போம்."

"அதுல புள்ளைங்களுக்குக் குச்சி ஐஸ் இருக்குடா."

"அஞ்சு நிமிஷத்துல கரைஞ்சிடாது அண்ணே."

ஃப்ரீசரின் ஒயரைப் பிடுங்கி, நீள ஒயர் ஒன்றை இழுத்து சார்ஜரைச் சொருகினார். முள் அப்படியே நின்றது. கிளிப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். மறுபடி மாட்டினார். முள்ளுக்கு அக்கறையே இல்லை.

"கதவக் கொஞ்சம் தூக்குறேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரிலேர்ந்து கேஸ் வரும், காத்து வேணும்."

"எங்க ஏறுது? முள்ளுதான் தூங்குதே."

"ஏறுனா வரும்ல?"

பட்டனை அழுத்தினார். பெரிய கதவு இடுப்பளவு உயர்ந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்த தாத்தாவைக் குனிந்து பார்த்த ஒரு சிறுமி, "அம்மா, தாத்தாவுக்குக் கையில பச்சை குத்திருக்கு," என்றாள்.

"மூடுடா, மூடுடா," என்றார் மெர்வ்.

லின்ட்சே மூடினார். இருந்த கொஞ்சக் காற்றும் நின்றது. புழுக்கம் தாங்காமல் மெர்வ் ஃப்ரீசர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டார். பிறகு தலைக்கு இடம் போதவில்லை என்று குச்சி ஐஸ் பெட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தார். லின்ட்சே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கறுப்புக் கிளிப்புக்கு வேறு இரும்பு தேடிக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. அவர் வெளியே வந்தபோது சிவப்பும் பச்சையுமாக ஒரு ஓடை, நீள ஒயரின் இணைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒயரு."

டப்பென்று ஒரு சத்தம். விளக்கு, மின்விசிறி, கதவு மோட்டார் எல்லாம் ஒன்றாகப் போயின. லின்ட்சே சுவிட்சுப் பெட்டிக்குப் போய், விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினார். அது திரும்ப விழுந்தது. இன்னொரு தடவை தள்ளினார். இன்னொரு தடவை விழுந்தது.

"கதவுக்குக் கைச்சங்கிலி இருக்குல்ல?" இருட்டில் தாத்தாவின் குரல் கேட்டது.

"இருக்கு. ஓடாத வண்டிக்குக் கதவத் தூக்கி என்ன பண்றது?"

வெளியே பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். அது லின்ட்சேவை இன்னும் சோர்வாக்கியது. தண்ணீர்க் குழாய்ச் சுருள் மேல் உட்கார்ந்தார். சாக்ஸில் ஐஸ் ஊறியிருந்தது.

"போய்ச் சொல்லிடவா அண்ணே?"

"என்னன்னு?"

"தாத்தா வரலைன்னு. ரெண்டாவது வருஷமா."

மெர்வ் தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை கேலி செய்யவில்லை. "நானும் கூட வரேன்டா. தனியா நீ திட்டு வாங்க வேணாம்."

லின்ட்சே எழுந்து பக்கவாட்டுக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். வெளியிலிருந்தே அது திறந்துகொண்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ப்ரான்வின் மிட்டாய் மூட்டையோடு நின்றாள். அவளும் படையில் ஒருத்திதான், வண்டியைத் துடைத்து வைப்பது அவள் பொறுப்பு.

"என்ன கேப்டன், ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்து ஜெபம் பண்றீங்களா?"

"பேட்டரி செத்துப்போச்சு ப்ரான்வின். என்ன பண்ணியும் ஏற மாட்டேங்குது."

ப்ரான்வின் தரையில் ஓடிய ஓடையைப் பார்த்தாள். தாடியில்லாத தாத்தாவைப் பார்த்தாள். இரும்பைக் கடித்துக்கொண்டிருந்த கறுப்புக் கிளிப்பைப் பார்த்தாள்.

"செத்தா போச்சு? வண்டிய நிறுத்துனா பேட்டரிய வண்டிலேர்ந்து பிரிக்கிற மெயின் சுவிட்ச அணைங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் தொண்டை கிழியக் கத்துவீங்களே கேப்டன், ஒருத்தரும் கேக்கலயேன்னு பாவமா இருந்துச்சு. அதான் இந்த வாரம் நான் அணைச்சுட்டுப் போனேன்."

இதற்கு லின்ட்சே என்னதான் பதில் சொல்வது? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.