ஒன்றுமே கேட்காத மாப்பிள்ளை

மனித குலம் குகையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து வீடு தேடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை ‘விஞ்ஞான முறைப்படி’ தேடிய முதல் மனிதர் இராமநாதபுரம் ஸுஹைர்தான் என்பதில் ஐயமில்லை.

ஸுஹைர் அரசாங்க உரிமம் பெற்ற ஹாம் வானொலிக்காரர். மொட்டைமாடியில் கம்பி கட்டி, சின்னஞ்சிறு பெட்டி வழியாக உலகத்தோடு பேசுகிறவர். பேசியவரின் பெயர், ஊர், தூரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் ‘கேட்டது’ அல்லது ‘கேட்கவில்லை’ என்று பதிவு செய்வார். அடுத்த மனையில் மாவு மில் வந்தபின் எல்லாமே ‘கேட்கவில்லை’தான். இரைச்சல் இல்லாத வீடு அமையாவிட்டால் தம் பிறவியே வீண் என்று அவர் உளமார நம்பினார்.

நல்லவேளையாக அவர் குடும்ப வழக்கப்படி, நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆக, வீடு தேடுவதும் பெண் தேடுவதும் ஒரே வேலை. சித்தி ஜுனைதா துணையோடு ஸுஹைர் ‘கள ஆய்வில்’ இறங்கினார்.

முதல் வீடு இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே. பெண்ணின் தாயார் குடும்பப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கையில், கையோடு கொண்டுவந்த வானொலிப் பெட்டியின் ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்த ஸுஹைர் முகம் சுளித்து, “இந்த வீட்ல இரைச்சல் தாங்கல” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டாவது உச்சிப்புளி. பக்கத்திலேயே கடற்படை விமானதளம்.

“பொண்ணு எப்படிலே இருக்கு?” என்றார் சித்தி.

“நாப்பதடிக்குக் கம்பம் நட விடமாட்டாக சித்தி.”

“நான் பொண்ணைக் கேட்டேன்!”

“அதான் சொல்றேன்ல, இங்கன சரிப்படாது.”

மூன்றாவது, பாம்பன் பக்கம் கடலை ஒட்டிய பாக்கரின் வீடு. உப்புத் தண்ணீர் அருகில் இருந்தால் சிக்னல் வெகுதூரம் போகும் என்பது ஹாம்காரர்களின் வேதவாக்கு. வாசலிலேயே ஸுஹைருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாக்கர் ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகளைப் பார்த்து நொந்தவர். ஒருவர் கார் கேட்டார். ஒருவர் மேல்மாடி கேட்டார். ஒருவர் இரண்டையும் கேட்டுவிட்டு ஏசி இல்லையா என்றார்.

“மாப்ளே, ஒங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம் மாமா. மொட்டமாடிய மட்டும் பாக்கணும்.”

“ஒண்ணுமே கேக்காத மாப்பிள்ளை! அல்ஹம்துலில்லாஹ்!” என்று பாக்கர் தழுதழுத்தார்.

மாடியில் ஸுஹைர் துணி காயும் கொடியிலேயே வானொலிக் கம்பியைக் கட்டினார். இரைச்சல் அறவே இல்லை. யாரோ ஒரு பெண் படியேறி வந்து கொடியில் கை வைத்தாள்.

“தொடாதீக! ஜப்பான் வருது!”

“துணி எடுக்க வந்தேன்...”

“இந்த முனையக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும் ஒசத்தி.”

அவள் அரைமணி நேரம் பிடித்தாள். ஸுஹைர் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து பேசிய பெரியவரிடம் பெயர் கேட்டார். ஊரில் மழையா என்று கேட்டார். முழங்கால் வலி தேவலையா என்று அத்தனை அன்போடு கேட்டார்.

“நான் ஒண்ணு சொல்லவா?” என்றாள் அவள்.

“உஷ்!”

பரவசத்தில் நோட்டை மாடியிலேயே மறந்துவிட்டுக் கீழே வந்தார். “புடிச்சிருக்கா மாப்ளே?” என்றார் பாக்கர்.

“ரொம்ப! இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல மாமா.”

“எம்புள்ள கொணமே அதுதான்” என்று பெண்ணின் தாயார் தாஜுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணைப் பாத்துட்டியாலே?” என்றார் சித்தி சந்தேகத்தோடு.

“இல்லையே. இன்னும் கூப்பிடலையே?”

மாடிப்படியில் ருக்ஸானா இறங்கி வந்தாள். தோளில் காய்ந்த துணி, உள்ளங்கையில் கம்பி பதிந்த சிவப்புக் கோடு. நோட்டைத் தகப்பனாரிடம் கொடுத்தாள். பாக்கர் மருமகனின் பெருமை ஊருக்கே தெரியட்டும் என்று உரக்க வாசித்தார்.

“ஹிரோஷி. ஒசாகா. ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கேட்டது.”

அடுத்த வரி வேறு கையெழுத்தில் இருந்தது. அதை வாசிக்கையில் அவர் குரல் இறங்கியது.

“ருக்ஸானா. இதே மொட்டைமாடி. ஆறடி. கேட்கவில்லை.”

“நீங்க சொன்னது சரிதான் வாப்பா” என்றாள் ருக்ஸானா. “ஒண்ணுமே கேக்காத மாப்பிள்ளைதான். எம் பேரைக்கூட.”