அனலைதீவோஸ் தீவின் சமையல்காரர்

தீவுகளைக் கண்டுபிடித்த மாலுமிகள் உலகில் பலர் உண்டு. ஒரு தீவைப் பதினெட்டு லாரிகளில் ஏற்றிவந்து இறக்கிய பெருமை மட்டும் ஜெர்மனியின் பான் நகரத்து ஹெர் பிராண்ட்முல்லர் அவர்களையே சாரும்.

கிரேக்கம் கால்பந்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற 2004ஆம் ஆண்டுக் கோடை அது. ஒரே வாரத்தில் ஜெர்மானியர் பாதிப் பேர் பிறவிக் கிரேக்கர்களாகிவிட்டிருந்தார்கள். அதுவரை மின்விளக்குக்கு அடியில் மனிதர்களைப் படுக்கவைத்து நிறமேற்றும் நிலையம் நடத்திவந்த பிராண்ட்முல்லர், வாட்டும் தொழிலிலேயே ஒரு படி உயர முடிவு செய்தார். ரைன் நதிக்கரையில் மணலைக் கொட்டினார். ஒன்பது தொட்டிப் பனைகளை வாடகைக்கு எடுத்தார். ரைனின் அலை கிரேக்க அலை அல்ல என்பதால், ஒலிபெருக்கியில் அலையோசை சிடி ஒன்றை ஓடவிட்டார். வாசலில் பதினான்கு விதிகள் கொண்ட பலகையை நட்டார். ஏழாவது விதி: 'விருந்தினர்கள் கவலையின்றி இருத்தல் வேண்டும்.' இவ்வாறாக 'கிரேக்கத் தீவு கடற்கரை மதுக்கூடமும் உணவகமும்' மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அதன் குசினியில் சமையலுக்கு நின்றவர் கனகலிங்கம். பானுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள். இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் நான்கு வருடம். யூகோஸ்லாவியக் கடையில் மூன்று வருடம், அந்த நாடே இல்லாமல் போகும்வரை. பிறகு சீனம். இப்போது கிரேக்கம். டிராம் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை தேசங்களில் வேலை பார்த்தவர் வேறெவரும் இருக்க முடியாது. பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் அனலைதீவு. எட்டுக்கால் கணவாயை மிருதுவாக்கும் வித்தையை அவருக்கு எந்தக் கிரேக்கரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

அவருடைய குறை ஒன்றே ஒன்று. ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தார். வியாழக்கிழமை அலுவலகத்தில் வரச் சொல்லி டெர்மின் கொடுத்திருந்தார்கள். 'இவர் எங்கள் நிரந்தரச் சமையல்காரர்' என்று முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலில் முத்திரை வரட்டும், கனகா. பிறகு கடிதம்," என்றார் பிராண்ட்முல்லர் ஜெர்மனில்.

முத்திரை என்பது 'தீவு உணவு அசல்தன்மைக் கழகம்' வழங்குவது. தலைநகரம் பெர்லினுக்குப் போன பிறகு பானில் காலியாகக் கிடந்த அறைகளில் இப்படிப்பட்ட கழகங்கள் குடியேறி, நாட்டைத் தொடர்ந்து வழிநடத்திக்கொண்டிருந்தன. விண்ணப்பப் படிவத்தில் 'சமையல்காரர்' என்ற கட்டத்தில் பிராண்ட்முல்லர் 'கோஸ்டாஸ், தீவில் பிறந்தவர்' என்று எழுதி அனுப்பியிருந்தார். கோஸ்டாஸ் என்று அங்கே ஒருவரும் இல்லை. படிவத்தில் இருந்தார், அது போதாதா?

சனிக்கிழமை மதியம் கழகத்தின் மதிப்பீட்டாளர் முனைவர் ஹில்டகார்ட் வெண்ட் வந்து சேர்ந்தார். வெயில் பதினாறு பாகை. அறுபது விருந்தினர்கள் சாய்வு நாற்காலிகளில் கம்பளி போர்த்திக்கொண்டு கோடையை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கரி ஏற்றிய படகு ஒன்று ஏகியன் கடலைக் கடந்து கொலோன் பக்கம் போயிற்று. அம்மையார் கணவாயை உண்டார். கண்களை மூடினார். திறந்து, சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார்.

பிராண்ட்முல்லர் குசினிக்குள் ஓடிவந்தார். கனகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"கோஸ்டாஸாக நீ சரிப்பட மாட்டாய்."

"ஷெஃப், நானும் தீவில் பிறந்த ஆள்தான்," என்றார் கனகலிங்கம் ஜெர்மனில். அங்கே முதலாளியைத்தான் ஷெஃப் என்பார்கள்.

"அது வேறு தீவு," என்று சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். மூன்றாவது மேசையில் வெளுத்த நிறமும் அடர்ந்த மீசையுமாக ஒருவர் தக்காளிச் சாலட் தின்றுகொண்டிருந்தார்.

அவர் பார்த்தசாரதி. சென்னை மேற்கு மாம்பலத்திலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். மைத்துனரிடம் 'கிரீஸ் போறோம்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மனைவி சரளாவையும் புகைப்படக் கருவியையும் எடுத்துக்கொண்டு டிராமில் கிரீஸுக்கு வந்திருந்தார். நாள் முழுவதும் உணவும் பானமும் இலவசம் என்றதும், பொதுநலன் கருதி, கோஸ்டாஸ் ஆக ஒப்புக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் வெள்ளைத் தொப்பியோடு குசினி ஜன்னலோரம் வந்து நின்றார்.

"நீங்க ஸ்ரீலங்கன் தமிழா? ரொம்ப நல்லதாப் போச்சு. டென்ஷன் ஆகாதீங்க அண்ணா. ஃப்ரண்ட் எண்ட் நான் பாத்துக்கறேன். பேக் எண்ட் நீங்க."

"தம்பி, உங்களுக்குக் கணவாய் சமைக்கத் தெரியுமோ?"

"நாங்க வெஜிடேரியன். தொட்டதுகூட இல்ல."

கனகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கடிதத்தை நினைத்ததும் அது அடங்கிவிட்டது. "சரி, வெளியில நில்லுங்கோ. அந்தம்மா கேக்கிறதுக்குப் பதிலை நான் இதில நிண்டு மெல்லமாச் சொல்லுறன்," என்றார்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. அம்மையார் குறிப்பேட்டைத் திறந்தார்.

"கோஸ்டாஸ், எந்தத் தீவு உங்களுடையது?"

பார்த்தசாரதி ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கணத்தில் கனகலிங்கத்துக்கும் ஒரு கிரேக்கத் தீவின் பெயர் வாயில் வரவில்லை. தெரிந்த தீவைச் சொன்னார்.

"அனலைதீவு."

"அனலைதீவோஸ்," என்றார் பார்த்தசாரதி.

அம்மையார் தலையை மெதுவாக அசைத்தார். "ஆம், ஆம். சிறிய தீவு. சுற்றுலாப் பயணிகள் இன்னும் கெடுக்காத தீவு," என்று எழுதிக்கொண்டார். "கணவாய் இவ்வளவு மிருதுவாக வருவது எப்படி?"

"கல்லில அடிக்கோணும். நாப்பது தரம்," என்றது ஜன்னல்.

"நாற்பது முறை கல்லில் அடிப்போம் மேடம்."

"நாற்பது," என்று நெகிழ்ந்தார் அம்மையார். "இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ரத்தத்தில் இருக்க வேண்டும். எங்கே, என்னோடு ஒரு துண்டு சாப்பிடுங்கள்."

முள்கரண்டி நீண்டது. பார்த்தசாரதியின் மீசை நடுங்கியது. சரளா தட்டை வெறித்துப் பார்த்தாள்.

"எங்கள் தீவில் சமைத்தவன் சாப்பிடக் கூடாது, மேடம். தொன்றுதொட்டு வரும் மரபு."

அதையும் அம்மையார் எழுதிக்கொண்டார். அப்போதே சான்றிதழை நிரப்பி, முத்திரை குத்தி, உரக்க வாசித்தார்: 'அனலைதீவோஸ் தீவின் அசல் உணவு.' கம்பளிக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்து தட்டின. கோஸ்டாஸ் கணவாயை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு படமெடுக்க நின்றார்.

பிறகு அம்மையார் குசினியையும் பார்வையிட்டார். அடுப்புக்கு முன்னால் கறுத்த மனிதர் ஒருவர் நின்றார்.

"இவர் யார்?"

"கோப்பை கழுவுகிறவர்," என்றார் பிராண்ட்முல்லர்.

கனகலிங்கம் கைகளைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது வருடத்தில் பழகிய தெளிவான ஜெர்மனில் சொன்னார்: "நான்தான் சமையல்காரன்."

அம்மையார் முகத்தில் கருணை சுரந்தது. "ஆவீர்கள். நிச்சயம் ஒருநாள் ஆவீர்கள். இப்படிப்பட்ட குரு கிடைத்திருக்கிறார். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருங்கிணைவு என்பது இதுதான்." தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தம் நாற்காலிக்குத் திரும்பினார்.

சரளா ஜன்னலோரம் வந்து கணவனின் கையைப் பிடித்தாள். "என்னங்க இது. உண்மையைச் சொல்லலேன்னாலும், அவர்கிட்ட ஒரு சாரியாவது சொல்லுங்க."

"இப்ப தமிழ்ல பேசினா மாட்டிப்பேன்," என்றார் கோஸ்டாஸ், வாயை அசைக்காமல்.

பிராண்ட்முல்லர் மகிழ்ச்சியோடு வந்தார். வாக்குத் தவறாதவர். கையில் கடிதம் இருந்தது. கனகலிங்கம் வாசித்தார். 'இவர் எங்கள் நிறுவனத்தில் கோப்பை கழுவும் உதவியாளர்' என்றிருந்தது.

"இதென்ன ஷெஃப்?"

"முத்திரையில் சமையல்காரர் கோஸ்டாஸ். கடிதத்தில் வேறொருவர் இருந்தால் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒழுங்கு என்று ஒன்று உண்டல்லவா?"

கனகலிங்கம் கடிதத்தை நான்காக மடித்து, கணவாய் அடித்த கல்லின்கீழ் வைத்தார். அடுப்பை அணைத்தார். ஏப்ரனைக் கழற்றி, ஜன்னல் வழியாகப் பார்த்தசாரதியின் கையில் கொடுத்தார்.

"தம்பி, குசினியில அறுபது ஓடர் நிக்குது. நீங்கள்தானே குசினிக்காரன். சமையுங்கோ."

"அண்ணா, நான் ஃப்ரண்ட் எண்ட் மட்டும்தான்."

"தெரியும்."

பிராண்ட்முல்லர் வழியை மறித்தார். "கனகா, விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். என்ன வேண்டும் உனக்கு?"

"பெரிசா ஒண்டும் இல்லை. அந்தம்மாவிட்டப் போய், சமைச்சது ஆர் எண்டு என்ர பேரைச் சொல்லுங்கோ. உடன அடுப்பை மூட்டுறன்." கோபத்தில் தமிழில் சொல்லிவிட்டதை உணர்ந்து, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் ஜெர்மனில் சொன்னார்.

முதலாளி யோசித்தார். சான்றிதழைப் பார்த்தார். அம்மையாரைப் பார்த்தார். அறுபது வெறும் தட்டுகளைப் பார்த்தார். அவர் நெடுநேரம் யோசித்தார் என்பதை நாம் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். முடிவில் வழியை விட்டு விலகினார்.

கனகலிங்கம் மணலைக் குறுக்கே கடந்து நடந்தார். வியாழக்கிழமை டெர்மின் கைவிட்டுப் போகும், அடுத்தது கிடைக்க மாதக்கணக்காகும் என்பது அவருக்கு நடக்கும்போதே தெரியும். பின்னர் அது கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. ஆனாலும் அன்று கால்கள் ஏனோ இலேசாக இருந்தன. டிராம் நிறுத்தத்துக்கு வந்தபோது, பின்னால் ஒலிபெருக்கியில் அலையோசை நின்று முதலாளியின் குரல் கேட்டது.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே, அனலைதீவோஸ் மக்களின் பழமையான வழக்கப்படி நம் கோஸ்டாஸ் மதியத் துயிலுக்குச் செல்கிறார். ஆகவே சமையலறை இன்று மூடப்படுகிறது."

பிறகு கைதட்டல். பசியோடிருந்த அறுபது பேரும் தட்டினார்கள். முனைவர் வெண்ட் சான்றிதழைத் திரும்ப வாங்கி அதில் ஒரு நட்சத்திரமும் வரைந்தாராம். வரையத்தானே வேண்டும்? சமைத்தவனின் பெயரைச் சொல்வதைவிடச் சாப்பிட வந்த அத்தனை பேரையும் பட்டினி போடுவது மேல் என்று முடிவெடுத்த ஓர் இடத்தில், அதைவிட 'அசல்' ஆன வேறொன்றும் இருக்கவில்லை.