சூலூர்ச் சம்பந்தமும் என் தோள் துப்பாக்கியும்

கிணத்துக்கடவு,
தாது வருஷம், ஆடி 28

சூலூரில் சௌக்கியமாக இருக்கும் மச்சான் அங்கப்பன் அவர்களுக்கு நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் அக்கா நாச்சியம்மாள், மகள் சாந்தாமணி, எருமை இரண்டும் சுகம். துப்பாக்கியும் சுகம். உங்கள் வீட்டார் சுகத்துக்கும் எழுதவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறுச்சாமி, "சம்பந்தி துப்பாக்கியோட வந்தா இந்தக் கண்ணாலம் நடக்காதுங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நான் துப்பாக்கியை இறக்கி வைக்க மாட்டேன். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நான் என்ன திருடியா வைத்திருக்கிறேன்? கடலைக் காட்டில் பன்றி புகுந்ததால் சர்க்காருக்கு மனுப் போட்டு வாங்கிய லைசென்ஸ். கொடுத்த தாலுகா குமாஸ்தாவே, "காணாமப் போச்சுன்னா ஜெயிலுங்க, பாத்துக்குங்க" என்றார். எங்கள் வீட்டில் பூட்டுள்ள பெட்டி ஒன்றுதான். அதில் பட்டுச்சேலை இருக்கிறது, இடம் கிடையாது என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். பின்னே நான் தோளில் மாட்டாமல் எங்கே வைப்பது? தோட்டாகூடப் போடுவதில்லை. கோயமுத்தூர் காபி கிளப்பில் பெஞ்சின் மேல் பக்கத்தில் படுக்க வைத்தேன், முதலாளி வந்து, "ஏனுங்க, அவங்களுக்கும் ஒரு காபி வேணுங்களா" என்கிறார். கிண்டலாம். வேண்டும் என்றேன், இரண்டையும் நானே குடித்தேன். சவரக் கடையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சவரக்காரர் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு பாதி மீசையை எடுத்துப்போட்டுக் கடையை விட்டே போய்விட்டார், அதற்கும் நானா பொறுப்பு? அந்தப் பாதி மீசையோடுதான் ஜவுளி எடுக்கப் போனேன். கடைக்கார அப்துல் கையூம், "வாங்க, உக்காருங்க, கண்ணாலச் சேலைங்களா, இல்ல வேற ஏதாச்சும் விவகாரமுங்களா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். கூட்டமெல்லாம் பின்வாசல் வழியாகப் போய்விட்டதால் என்னால் நிம்மதியாகச் சேலை பார்க்க முடிந்தது.

ஆறுச்சாமிக்கு மட்டும் என்ன வந்தது? போன மாதம் மாப்பிள்ளை வீடு பார்க்க நாம் போனபோது நீங்களும்தானே பக்கத்தில் இருந்தீர்கள். ஜாதகம் விரிக்கவில்லை, சீர் பேசவில்லை, வாசலிலேயே, "உங்க பொண்ணக் கட்டிக்கிறோமுங்க, நாள மட்டும் சொல்லுங்க" என்றார். எந்த வீட்டிலும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் இன்று பேச்சு மாறலாமா? மணவறைக்கும் துப்பாக்கியோடுதான் வருவேன், பந்தியிலும் அப்படியே உட்காருவேன். இஷ்டமில்லாதவர்கள் அடுத்த பந்தியில் சாப்பிடட்டும்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் பணியாத
நஞ்சுண்டன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை வீட்டில் படித்துக் காட்டினேன். உங்கள் அக்கா பாதியிலேயே எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். சாந்தாமணிதான், "ஏனுங்கப்பா, அவங்க என்னைய வேணும்னு சொன்னாங்களா, துப்பாக்கியப் பாத்துச் சொன்னாங்களா" என்று கேட்டாள். மச்சான், சத்தியமாக எனக்கு இது தோன்றவே இல்லை. உடனே போய் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். மேலே உள்ளதை ஆறுச்சாமிக்குப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்து, என் பெண் வேண்டுமா என்று மறுபடியும் கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுவோம். நீங்களும் கூட வாருங்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.